கோச் வெண்டலும் ஆகஸ்ட் மாதத்துப் பிள்ளைகளும்

எங்கள் வெட்லியில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால், ஆணா பெண்ணா என்று யாரும் முதலில் கேட்பதில்லை. எந்த மாதம் என்றுதான் கேட்பார்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால், "பரவாயில்ல, ஒரு வருஷம் ஊறப்போட்டா சரியாப் போயிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். அலபாமாவில் கிறுக்குப் பிடித்த ஊர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் கிறுக்கு இது. இதைத் தொடங்கி வைத்தவன் வெண்டல் கிரிக்ஸ்பி.

வெண்டல் பெரிய மனிதன் ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருக்கிறான். சாயங்காலங்களில் சின்னப் பையன்களுக்குச் சம்பளம் வாங்காமல் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறான். அதனால் ஊரே அவனைக் கோச் என்று கூப்பிடும். எங்கள் ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எதிரே வருகிறவனை முட்டிச் சாய்க்க வேண்டும். உடம்பு உள்ளவன் ஜெயிப்பான். வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வராதவனை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

நான் இமோஜீன் டக்வெல். ஊரில் இருக்கும் ஒரே மருந்துக் கடையின் கவுண்டரில் நிற்கிறவள். யார் என்ன மாத்திரை வாங்குகிறார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். நான் சொல்வதில்லை. ஆனால் வெட்லிக்காரர்கள் தங்கள் நோயைத் தாங்களே, வாழ்த்து அட்டைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று, உரக்கச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் காதில் வாங்காதே என்று எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லவில்லை.

வெண்டல் ஆகஸ்ட் கடைசியில் பிறந்தவன். செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள் ஆறு வயது முடிந்திருந்தால் முதல் வகுப்பு என்பது எங்கள் மாநிலத்துக் கணக்கு. தேதி முடிகிற நேரத்தில் நுழைந்ததால் வகுப்பிலேயே அவன்தான் பொடியன். உயர்நிலைப் பள்ளி முழுவதும் டீமில் இருந்தான், ஆனால் பெஞ்சில்தான் இருந்தான். மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான், துண்டு மடித்தான். கடைசி வருடம், ஏற்கெனவே ஜெயித்துவிட்ட ஓர் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பரிதாபப்பட்டு அவனை இறக்கினார்கள். முதல் மோதலிலேயே காறை எலும்பு உடைந்தது. வேறு எவனாக இருந்தாலும் தனக்கு இந்த ஆட்டம் சரிப்படாது என்று முடிவு செய்திருப்பான். வெண்டல் செய்த முடிவு, தன் தாய் தன்னை ஒரு வருடம் முன்னதாகப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாள் என்பது. அதைச் சொல்லிச் சொல்லியே அந்த அம்மாளைக் கல்லறைக்கு அனுப்பினான்.

பிறகு ரெனிட்டாவைக் கல்யாணம் செய்தான். பாங்கில் வேலை பார்க்கும், நிதானமான பெண். மூத்தவன் டேனர் ஜூலையில் பிறந்தான். எல்லாரும் அனுப்புகிற வயதில் அவனை அனுப்பாமல், ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து அனுப்பினான் வெண்டல். டேனர் வகுப்பில் தலை நிமிர்ந்து நின்றான். மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் அவன் மேல் பட்டுத் தெறித்தார்கள். ஊர் அதைப் பார்த்தது. அடுத்த கோடையில் நாலைந்து வீடுகளில் பையன்களை நிறுத்திவைத்தார்கள். அதற்கடுத்த வருடம் நிறுத்தாத வீடுதான் குறைவு. வெண்டல் ஆலோசனை சொல்லாத தகப்பன் இல்லை. டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே சொல்வான்.

"பையன் மாம்பழம் மாதிரிப்பா, பிஞ்சுல பறிச்சா திருப்பி ஒட்டவா முடியும்? ஊறப்போடு. ஒரு வருஷம் ஊறப்போடு."

மாம்பழத்தை யாரும் ஊறப்போடுவதில்லை என்று அவனிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஊறப்போட வசதி உள்ளவர்கள்தான் ஊறப்போட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கோழி அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூடம் எப்போது கதவைத் திறக்கும் என்று காத்திருந்து பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இன்னொரு வருடம் காப்பகத்துக்கு அழ அவர்களிடம் காசு இல்லை.

டேனருக்கு மூன்று வருடம் கழித்து டெல்லா பிறந்தாள். ஆகஸ்ட் கடைசி வாரம். அப்பன் பிறந்த அதே வாரம். இவளையும் ஒரு வருடம் நிறுத்தலாமா என்று ரெனிட்டா கேட்டபோது வெண்டல் சிரித்தானாம்.

"எதுக்கு? இவ என்ன டீம்ல எறங்கி முட்டப் போறாளா? பொம்பளப் புள்ள, அனுப்பு."

அனுப்பினார்கள். ஆறு வயது முடிந்த கையோடு முதல் வகுப்புக்குப் போனாள் டெல்லா. எனக்கு அந்தக் குழந்தையைப் பிடிக்கும். கடைக்கு வந்தால் ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்து தன் பொம்மைக் கரடியின் கையை உள்ளே விடுவாள். வலது செருப்பு இடது காலில் இருக்கும்.

"மிஸ் இமோஜீன், இருமல் மருந்துக்கே இருமல் வந்தா என்ன குடுப்பீங்க?"

"தெரியலையேம்மா. நீ என்ன குடுப்ப?"

"சூப்பு," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டு, நான் வாய் திறப்பதற்குள் கடையின் மறுகோடியில் இருப்பாள்.

அக்டோபரில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. மிஸ் ஓகிள்ஸ்பி என்ற இளம் டீச்சர், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள். அந்தச் சந்திப்பில் நடந்ததை ரெனிட்டா பிற்பாடு எனக்குச் சொன்னாள், சிரித்தும் அழுதும்.

"டெல்லா ரொம்ப ரொம்ப நல்ல பொண்ணு, மிஸ்டர் கிரிக்ஸ்பி," என்று டீச்சர் தொடங்கினாளாம். எங்கள் பக்கத்தில் யாராவது இப்படித் தொடங்கினால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"ஆனா?" என்றான் வெண்டல்.

"ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறா. கதை வாசிக்கும்போது எந்திரிச்சு ஜன்னல்கிட்டப் போயிடுறா. சொன்னதை மறந்துடுறா. சட்டைக் காலரைக் கடிக்கிறா. கத்திரிக்கோலைப் பிடிக்க வரல. மத்த புள்ளைங்க எல்லாம் அரை மணி நேரம் அசையாம உக்காந்திருக்காங்க."

"மத்த புள்ளைங்கன்னா?" என்று கேட்டாள் ரெனிட்டா.

"கோல்பி, பிராக்ஸ்டன், ஹட்ச்... எல்லாரும்தான்."

வெண்டலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மூணு பேரும் நம்ம டீம்! பிராக்ஸ்டனைப் பாத்தீங்களா, தோளு எப்படி இருக்குன்னு?"

மூன்று பேரும் அவன் சொல் கேட்டு ஊறப்போட்ட பிள்ளைகள். பிராக்ஸ்டனுக்கு ஏழரை வயதாகப் போகிறது. இது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை. டீச்சர் ஒரு படிவத்தை நிரப்பி டாக்டருக்கு அனுப்பினாள். பிள்ளை அமைதியில்லாமல் இருக்கிறதா, முறை வரும் முன் பேசுகிறதா, பொருள்களைத் தொலைக்கிறதா என்று கேள்விகள். இல்லை, எப்போதாவது, அடிக்கடி, மிக அடிக்கடி என்று பதில்கள். அடிக்கடி என்றால் யாரைவிட அடிக்கடி? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிராக்ஸ்டனைவிட. பாவம், டீச்சர் வேறு யாரைப் பார்ப்பாள்?

டாக்டர் ஸ்டோக்லி எங்கள் மாவட்டத்துக் குழந்தை வைத்தியர். தங்கமான மனிதர். அவர் கையில் பிடிக்கும் பேனா ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்தது, சுவரில் மாட்டிய கடிகாரம் இன்னொரு கம்பெனி கொடுத்தது. முதலில் பெற்றோருக்குப் பயிற்சி, வகுப்பில் சில மாற்றங்கள், பிறகுதான் மாத்திரை என்று அவர் படித்த புத்தகத்தில் இருந்திருக்கும். ஆனால் பயிற்சி கொடுக்க ஆள் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறார், மாத்திரை என் கடையில் இருக்கிறது. படிவத்தைப் புரட்டினார். அவர் மேசையில் இருந்த காபி ஆறுவதற்குள், டெல்லாவுக்கு ஏ.டி.எச்.டி. என்றார். கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் கோளாறு. எங்கள் ஊரில் இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை, தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிறது.

செய்தி பரவியதும் வெட்லியில் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். முடி திருத்தும் லூர்லீன், எல்லாம் சிவப்புச் சாயம் போட்ட மிட்டாயால் வருவது என்றாள். சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்து வரும் ஹோர்டன், பெல்ட்டுக்கு மிஞ்சின மாத்திரையைத் தான் பார்த்ததில்லை என்றார். அவர் பெல்ட்டால் வளர்த்த இரண்டு பையன்களும் அவரோடு பேசுவதில்லை. வங்கி மேனேஜரின் மனைவி ரெனிட்டாவைத் தனியே அழைத்துப்போய், டாக்டர் கொடுத்த இந்தச் சீட்டு கையில் இருந்தால் பிற்பாடு பெரிய பரீட்சைகளில் கூடுதல் நேரம் தருவார்கள், விட்டுவிடாதே என்று காதைக் கடித்தாள். வெண்டலோ எல்லாரிடமும் ஒன்றையே சொன்னான்.

"நம்ம காலத்துல இதெல்லாம் ஏதுங்க? யாருக்கும் இல்ல."

"டூயி ப்ளாலக்குன்னு ஒருத்தன் உன் வகுப்புல இருந்தானே," என்றேன் நான். "பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து மூணு தடவை குதிச்சானே."

"அவனா? அவன் சும்மா தமாஷு பண்றவன்."

"இப்ப எங்க இருக்கான்?"

"ஜெயில்ல," என்று சொல்லிவிட்டு வெண்டல் டூத்பேஸ்ட் விலையைப் பார்க்க ஆரம்பித்தான்.

மாத்திரையை நான் பழிக்க மாட்டேன். அதை எண்ணிக் கொடுக்கிறவளே நான்தான். அது தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு அது என்ன செய்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். எழுத்துக்கூட்டக்கூட முடியாமல் அழுத ஒரு பெண் இன்று நர்ஸாக இருக்கிறாள். என் கோபம் வேறு. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பையன் நாற்காலியைத் தூக்கி எறிந்தால் அவனுக்கு நோய் என்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் கறுப்புப் பையன் எறிந்தால் அவனுக்குத் திமிர் என்கிறார்கள். இவனுக்கு மாத்திரை, அவனுக்கு ஒரு வாரம் பள்ளிக்கு வராதே என்ற கடிதம். நாற்காலி ஒரே நாற்காலிதான்.

டெல்லா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். பள்ளியில் அமைதி. மிஸ் ஓகிள்ஸ்பி அவள் கையில் தினமும் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி போனபடியே திரும்பி வந்தது. கடைக்கு வந்தவள் தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்குக் கேள்வி ஒண்ணும் இல்லையாம்மா?" என்றேன்.

"இல்ல மேம்."

செருப்பு இரண்டும் சரியான காலில் இருந்தன. ரெனிட்டா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இந்தக் குழந்தை எங்கே போய்விட்டது, திரும்பி வருமா வராதா என்பதுதான் அன்று முதல் ரெனிட்டாவைத் தின்ற கவலை. வெண்டலுக்கும் உள்ளூர அதுதான். ஆனால் நவம்பரில் அவனுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது. சின்னப் பையன்களின் ஃபுட்பால் கோப்பை.

அரை இறுதியில் பக்கத்து ஊரான கார்த்விலிடம் எங்கள் பையன்கள் தோற்றார்கள். கார்த்வில் டீமில் ஒரு பையனுக்கு மீசை அரும்பியிருந்தது என்று வெண்டல் சத்தியம் செய்தான். சமூகக் கூடத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கூடிய கூட்டத்தில் பஞ்சாயத்து வைத்தான். தேங்காய் பை, மாவுக்குள் தேங்காய் வைத்துச் சுடும் அந்த இனிப்பு, கொடுப்பார்கள் என்று நானும் போயிருந்தேன். வெண்டல் எழுந்து நின்று, பிறப்புச் சான்றிதழ் காட்டு என்று மேசையைத் தட்டினான்.

"இந்த வயசுல ஒரு வருஷம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நமக்கு ஒரு வருஷம்னா ஒரு தொந்தி கூடும், அவ்ளோதான். குழந்தைக்கு எலும்பு வேற ஆயிடுது, மூளை வேற ஆயிடுது! சின்னதையும் பெருசையும் பக்கத்துல நிறுத்தி, நீ மட்டும் ஏண்டா அவனை மாதிரி இல்லன்னு கேக்குறவன் மனுஷனா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கார்த்வில் கோச்சுகூட தலையைக் குனிந்துகொண்டான். அப்போது பின்வரிசையில், டெல்லாவை மடியில் வைத்துக்கொண்டிருந்த ரெனிட்டா எழுந்தாள். அந்தப் பெண் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"வெண்டல், டெல்லாவுக்கு என்ன வயசு?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லு."

"ஆறு."

"பிராக்ஸ்டனுக்கு?"

"ஏழரை ஆகப் போகுது."

"ஹட்சுக்கு?"

ஹட்சின் அப்பா தன் காபிக் கோப்பையின் அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அவங்க மாதிரி உக்கார மாட்டேங்குறான்னுதான இவளுக்கு மாத்திரை குடுக்குறோம்?" என்றாள் ரெனிட்டா. "அந்தப் பசங்களை ஊறப்போடச் சொன்னது யாரு?"

கார்த்வில்காரன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். வெண்டல் மெல்ல உட்கார்ந்தான். அன்று பை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் இரண்டாம் துண்டு கேட்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், வெண்டல் கோழை இல்லை. மறுநாளே ஸ்டோக்லி முன்னால் போய் நின்றான். அவர் மறுபடி படிவத்தைக் காட்டினார். படிவம் சரியாகத்தான் நிரப்பப்பட்டிருந்தது. வெண்டல் பர்மிங்காம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். காக்க வைத்தார்கள், திட்டினான், மறுபடி போட்டான். ஒருவழியாக ஜனவரியில் டாக்டர் வினிஃப்ரெட் காஸ் என்ற அம்மாளைப் பார்க்க நேரம் கிடைத்தது. டேனரை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நாலு பேருமாகப் போனார்கள்.

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வியே, எந்த மாதம் பிறந்தாள் என்பது. வெண்டலுக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப்போனது, எங்கள் ஊர்க்காரி போல இருக்கிறதே என்று. அன்று காலை மாத்திரை கொடுக்காமல் அழைத்து வரச் சொல்லியிருந்தார். காலை முழுவதும் டெல்லாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார், பேசினார், படம் போட வைத்தார். சட்டைக் காலர் ஈரமாகும்வரை டெல்லா அவரைக் கேள்வி கேட்டாள். கடைசியில் பெற்றோரைக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணுக்கு வியாதி இல்ல. அவளுக்கு இருக்குறது ஆறு வயசு. மாத்திரையை நிறுத்திடலாம். வர்ற ஆகஸ்ட்ல அது தன்னால ஏழு வயசாகும்."

வெண்டல் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ரெனிட்டா அழுதாள். டாக்டர் அவனை மறுபடி உட்காரச் சொன்னார்.

"வெளிய உக்காந்திருக்குற பையன் யாரு?"

"என் மகன் டேனர்! எங்க டீமோட தூணு."

"வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். நாற்காலிக் காலைக் கழட்டிட்டான். நாலு புத்தகம் எடுத்தான், நாலுலயும் மொதல் பக்கத்தைத் தாண்டல. அவன் படிப்பு எப்படி?"

"பையன்னா அப்படித்தாங்க. வகுப்புல அவன்தான் பெரியவன், ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல."

"சின்னப் புள்ளைங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கான், அதனால யாருக்கும் தெரியல. அவனை ஒருநாள் தனியாக் கூட்டிட்டு வாங்க. முழுசாப் பாத்துட்டுத்தான் எதையும் சொல்லுவேன். ஆனா அவசியம் பாக்கணும்."

வெண்டல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான். "டாக்டரம்மா, நான் ஒரு புள்ளையை உங்காளுங்ககிட்டேர்ந்து மீட்டுட்டுப் போக வந்தேன். நீங்க இன்னொண்ணைப் பிடிச்சு வைக்கப் பாக்குறீங்க. ரொம்ப நன்றி."

இதையும் ரெனிட்டாதான் சொன்னாள். டேனரைப் பற்றிய பேச்சை வழி நெடுக எடுத்துப் பார்த்தாளாம், வெண்டல் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டானாம்.

திரும்பி வந்த வெண்டல் வேறு வெண்டல். டயர் கடையின் முன்னால் இருக்கும் எழுத்துப் பலகையில் 'டயரை மாற்றுங்கள், பிள்ளையை மாற்றாதீர்கள்' என்று போட்டான். ஏ.டி.எச்.டி. என்பதே டாக்டர்கள் வயிறு வளர்க்கக் கட்டிய கதை என்று சர்ச் வாசலில் பேசினான். பர்மிங்காம் அம்மாள் அப்படிச் சொல்லவே இல்லை, ஆனால் அவர் சொன்னதில் தனக்கு வேண்டிய பாதியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். அதோடு நிற்காமல் தத்துவத்தையும் திருத்தினான். இனி பெண்பிள்ளைகளையும் ஊறப்போட வேண்டுமாம். ஊர் தலையாட்டியது. அடுத்த வருடம் ஆணும் பெண்ணும் ஊறினால், வகுப்பில் பொடிசு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோழி ஆலைக்காரர்களின் பிள்ளைகள்தான். டீச்சரின் 'அடிக்கடி'யும் 'மிக அடிக்கடி'யும் இனி அவர்களுக்கு.

எங்கள் கடையில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. மிஞ்சிய மாத்திரைகளை அதில் போட்டுவிடலாம், போட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒரு சனிக்கிழமை காலை வெண்டல் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தான். டெல்லா நேராக ரத்த அழுத்த இயந்திரத்துக்கு ஓடினாள். அண்ணன் கையை உள்ளே விடச் சொல்லி அவனோடு சண்டை பிடித்தாள். டெல்லா திரும்பி வந்துவிட்டாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடையில் லூர்லீன் இருந்தாள், ஹோர்டன் இருந்தார், இன்னும் சிலர். கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வெண்டல் வந்திருந்தான்.

மாத்திரைப் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். "எல்லாரும் பாத்துக்குங்க. என் வீட்டுல எந்தப் புள்ளைக்கும் இது தேவையில்ல. ஒரு வருஷம் பொறுமை இருந்தா எந்த மாத்திரையும் தேவையில்ல!"

ஹோர்டன் ஆமென் என்றார். வெண்டல் பெட்டியின் வாயில் புட்டியை வைத்தான்.

"எல்லாத்தையும் போட்டுடாதீங்கப்பா."

டேனர்தான். இயந்திரத்தில் கை மாட்டியபடி எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

வெண்டல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். "தங்கச்சி மேல பாசத்தைப் பாருங்க. அவளுக்கு இனி வேணாம்டா, அவ நல்லாயிட்டா."

"அவளுக்கு இல்ல. எனக்கு."

"என்ன உனக்கு?"

"நான் ரெண்டு எடுத்தேன். ஃப்ரிட்ஜ் மேலேர்ந்து." டேனரின் குரல் இறங்கிவிட்டது. "அதைப் போட்டுக்கிட்டா, புத்தகத்துல ஒரு பக்கம் முடியுற வரைக்கும் நான் அங்கேயே இருக்கேன்பா. வேற எங்கயும் போகல."

ஒரு குழந்தைக்கு எழுதிய மாத்திரையை இன்னொரு குழந்தை எடுத்துப் போட்டுக்கொள்வது விளையாட்டுக் காரியம் இல்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன், டேனரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"ஒனக்கு எதுக்குடா அது?" என்றான் வெண்டல். இப்போது சிரிப்பு இல்லை. "நீ நல்லாத்தான இருக்க. வகுப்புலயே நீதான் பெரியவன்."

"பெரியவன்தான். எல்லாரும் ஃபெயிலானவன்னு சொல்றாங்க." அவன் இயந்திரத்திலிருந்து கையை உருவிக்கொண்டான். "நான் மக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரியும்தானப்பா? அதனாலதான என்னை ஒரு வருஷம் லேட்டாச் சேத்தீங்க?"

லூர்லீன் வாழ்த்து அட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹோர்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊரில் உள்ள தகப்பன்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் புத்தி சொன்ன வெண்டல் புட்டியைப் பெட்டிக்குள் போடவும் இல்லை, வெளியே எடுக்கவும் இல்லை. அவன் கை அங்கேயே இருந்தது.

"இல்லடா," என்றான் கடைசியில். "அப்படி இல்லடா."

டேனர் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவன் அதை நம்பவில்லை.